வீட்டுச் செடிக்கு எப்போது தண்ணீர் ஊற்றுவது? வடசென்னை வீடுகளுக்கான முழு வழிகாட்டி

வடசென்னையில் பல வீடுகளில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நாளை முடிவு செய்வது லாரிதான். லாரி வந்த நாள், தெருக்குழாயில் தண்ணீர் வந்த நாள், மோட்டார் போட்டு சின்டெக்ஸ் நிரம்பிய நாள் என்று ஏதோ ஒன்று. குடம், டிரம் எல்லாவற்றிலும் புதுத் தண்ணீர் பிடிக்கவேண்டுமே என்று பழையதைத் தூக்கிச் செடிகளுக்கு ஊற்றிவிடுவோம். பழைய தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனம் வராது, நியாயம்தான். ஆனால் ஹால் மூலையில் நிற்கும் ஸ்நேக் பிளான்ட்டுக்கு அன்றைக்குத் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் பார்ப்பதில்லை. அப்புறம் நான்கு நாள் தண்ணீர் வராவிட்டால், ஜன்னலோரத்துச் செடி துவண்டு தொங்கினாலும் ‘வந்ததும் ஊத்திக்கலாம்’ என்று விட்டுவிடுவோம். ஒரு செடி அழுகும், இன்னொன்று காயும். கடைசியில் ‘நம்ம கைக்குச் செடி ராசியில்லை’ என்று பேச்சு முடியும்.

ராசியெல்லாம் ஒன்றுமில்லை. தண்ணீர் வருகிற நாளும் செடி குடிக்கிற நாளும் வேறு வேறு. ஒரு மூடி போட்ட பக்கெட்டைச் செடிகளுக்கென்றே ஒதுக்கிவிட்டால் இந்த இரண்டையும் பிரித்துவிடலாம். மீதி எல்லாம் தொட்டியைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான்.

இங்கே சொல்வது வீட்டுக்குள்ளும் ஜன்னலிலும் கிரில் போட்ட பால்கனியிலும் இருக்கும் செடிகளுக்கு. மொட்டைமாடித் தோட்டத்தின் கணக்கு வேறு. சித்திரை வெயிலில் அங்கே தினம் இரண்டு வேளை ஊற்றினாலும் தகும். மாடியில் ஊற்றிப் பழகிய கை அதே வேகத்தில் வீட்டுக்குள்ளும் ஊற்றுவதால்தான் பாதிச் செடிகள் போகின்றன.

வேருக்கும் மூச்சு வேண்டும்

மண் துகள்களுக்கு நடுவே இடைவெளிகள் இருக்கின்றன. சின்ன இடைவெளிகளில் தண்ணீர் தங்கும், பெரியவற்றில் காற்று இருக்கும். நாம் ஊற்றும்போது காற்று வெளியேறி எல்லாம் தண்ணீராகிவிடும். அது கீழே வடிய வடிய மேலிருந்து புதுக் காற்று உள்ளே இறங்கும். வேர் அந்தக் காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்துத்தான் வேலை செய்கிறது. வடிவதற்கு முன்பே மறுபடி ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் மூச்சுத் திணறிச் சாகும். செத்த வேரில் பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் ஏறிக்கொள்ளும்.

அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் மண் சதசதவென்று இருக்கும்போதே இலை வாடும். பக்கத்து வீட்டு அக்கா ‘தினம் ஒரு சொம்பு ஊத்துறேன், அப்படியும் வாடிப்போகுதே’ என்று சொல்வது இந்தக் கட்டத்தில்தான். வாடுவதைப் பார்த்து இன்னொரு சொம்பு ஊற்றுவார், கதை முடிந்தது. ஆகவே முதல் விதி: இலை வாடினால் சொம்பைத் தேடாதீர்கள், முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

படி 1: வெளிச்சத்தைப் பாருங்கள்

ஒரு செடி எவ்வளவு குடிக்கும் என்பதைப் பெரும்பாலும் வெளிச்சம்தான் முடிவு செய்கிறது. வெளிச்சம் இருந்தால் இலைத்துளைகள் திறக்கும், உணவு தயாராகும், தண்ணீர் ஆவியாகிப் போகும், வேர் மேலும் இழுக்கும். வெளிச்சம் குறைந்தால் எல்லாமே மந்தம்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். ரயில் பெட்டி மாதிரி நீளமாக, இரண்டு பக்கமும் பொதுச் சுவர். முன்வாசலிலும் பின்கட்டிலும்தான் வெளிச்சம். நடுவில் பகலிலேயே டியூப் லைட் எரியும். அந்த நடுக்கூடத்தில் வைத்த மணி பிளான்ட்டும் முன் ஜன்னலில் தொங்கும் மணி பிளான்ட்டும் ஒரே கொடியிலிருந்து வெட்டியவையாக இருக்கலாம். ஜன்னல் தொட்டி நான்கு நாளில் காயும். கூடத்துத் தொட்டி பத்து நாளானாலும் ஈரமாகவே கிடக்கலாம். இரண்டுக்கும் ஒரே நாளில் ஊற்றினால் ஒன்றுக்குக் கெடுதல்.

சோதிக்கச் சுலபமான வழி உண்டு. நடுப்பகலில் விளக்கை அணைத்துவிட்டு, இலைக்கு ஓர் அடி மேலே உள்ளங்கையை நீட்டுங்கள். நிழலில் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாக ஒரு கறை போல விழுந்தால் நடுத்தரம். நிழலே விழவில்லை என்றால் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் விஷயத்தில் நீங்கள் கஞ்சனாகவே இருக்கலாம்.

இன்னொன்று, தூசி. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகும் வீடுகளிலும் மணலிப் பக்கத்திலும் ஒரு வாரத்தில் இலை மேல் கை வைத்தால் விரல் கறுக்கும். அந்தப் படலம் வெளிச்சத்தை மறைக்கும், செடி குடிப்பதும் குறையும். காசிமேடு, திருவொற்றியூர்க் கடலோரமானால் உப்புக் காற்றும் சேர்ந்து படியும். ஈரத் துணியால் வாரம் ஒரு முறை இலையைத் துடையுங்கள்.

படி 2: தொட்டியும் மண்ணும் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

கொசப்பேட்டைப் பக்கம் வாங்கிய மண் தொட்டி என்றால் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். அதே அளவு பிளாஸ்டிக் தொட்டியில் மேற்பரப்பும் அடி ஓட்டையும்தான் வழி. அதனால் மண் தொட்டி சீக்கிரம் காயும், பிளாஸ்டிக் தாமதமாகும். பளபளப்புப் பூசிய செராமிக் தொட்டி பிளாஸ்டிக் கணக்கில்தான் சேரும்.

ஓட்டை இல்லாத தொட்டியில் செடி வைக்காதீர்கள். அழகுக்கு வேண்டுமென்றால் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கி வையுங்கள். ஊற்றும்போது வெளியே எடுத்து, வடிந்ததும் உள்ளே வைத்துவிடலாம்.

அடியில் ஜல்லியோ உடைந்த ஓடோ அடுக்கினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். நடப்பது நேர்மாறு. பஞ்சை நனைத்துத் தூக்கிப் பிடித்தால் மேல்பகுதி வடிந்தபின்னும் கீழ் விளிம்பு சொட்டச்சொட்ட ஈரமாக நிற்குமே, மண்ணும் அப்படித்தான்: அடிப்பகுதியில் ஓர் ஈரப் பட்டை தங்கும். ஜல்லி போட்டால் அந்தப் பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் கிட்டே வந்துவிடும். ஓட்டை மேல் ஒரே ஒரு ஓட்டாஞ்சில்லு, மண் ஒழுகாமல் இருக்க, அது போதும்.

நர்சரியில் கறுப்புப் பையில் தரும் செடி பெரும்பாலும் கெட்டியான செம்மண்ணில்தான் இருக்கும். நாம் அதை அப்படியே தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த தொட்டியில் வைப்போம். இப்போது தொட்டியில் இரண்டு விதமான மண். சுற்றியுள்ள கலவை பொலபொலவென்று காய்ந்திருக்க நடுக்கட்டி ஈரமாக இருக்கும். சில நேரம் தலைகீழாக, நடுக்கட்டி கல்லாகி, ஊற்றிய தண்ணீர் அதைச் சுற்றி ஓடிவிடும். மாற்றி வைக்கும்போதே வெளிப்புற மண்ணை விரலால் மெதுவாக உதிர்த்துவிடுங்கள்.

கலவைக்கு ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு மக்கிய எரு அல்லது மண்புழு உரம், கூடவே கைநிறையப் பருமணல் அல்லது பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்). கற்றாழை மாதிரிச் செடிக்கு மணல் பங்கைக் கூட்டி எருவைக் குறையுங்கள். நார்க்கழிவுக் கட்டி வாங்கினால் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகு சேருங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைப்பதும் தப்பு. வேர் எட்டாத இடத்து ஈரத்தைக் குடிக்க ஆளில்லை. இருக்கிற தொட்டியைவிட இரண்டு அங்குலம் அகலமானது போதும்.

படி 3: ஈரத்தைக் கண்டுபிடியுங்கள்

மேல் மண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சென்னையில் பாதி நாள் மின்விசிறி சுழல்கிறது, சில வீடுகளில் ஏசி ஓடுகிறது. இரண்டும் மேல் அரை அங்குலத்தை ஒரே நாளில் காய வைத்துவிடும். அடியில் மண் சேறாகக் கிடக்கும்.

விரல். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை, ஏறக்குறைய இரண்டு அங்குலம், தொட்டி ஓரமாக இறக்குங்கள். குளிர்ச்சியாக இருந்து மண் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் இருக்கிறது. உதிர்ந்தால் அந்த ஆழம் வரை காய்ந்துவிட்டது. எட்டு அங்குலத்துக்கு உட்பட்ட தொட்டிகளுக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

குச்சி. பெரிய தொட்டிக்கு விரல் எட்டாது. சுத்தமான ஐஸ் குச்சி, மூங்கில் குச்சி, இல்லை விளக்குமாற்றிலிருந்து உருவிய தடித்த ஈர்க்குச்சி, எதுவானாலும் அடிவரை இறக்கிப் பத்து நிமிஷம் விட்டு எடுங்கள். எந்த உயரம் வரை நிறம் கறுத்திருக்கிறது, எங்கே மண் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் உள்ளே நடப்பது தெரிந்துவிடும். குச்சி நுனியை மோந்தும் பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் நல்லது, சாக்கடை வாடை வந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது.

எடை. நான் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நம்புகிறேன். தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் வடிந்தபின் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நாலைந்து நாள் கழித்து மறுபடி தூக்குங்கள். இரண்டு மூன்று சுற்றுக்குள் கைக்குப் பழகிவிடும். பிறகு கூடத்தைக் கடக்கும்போது விளிம்பைச் சற்றுச் சாய்த்தாலே விஷயம் புரியும். கணக்காகச் செய்ய விரும்பினால் லக்கேஜ் எடை போடும் கொக்கித் தராசு ஒன்று போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் எடை குறைவது அப்படியே போன தண்ணீரின் அளவு. உதாரணத்துக்கு, வடிந்தபின் 3.2 கிலோ இருந்த தொட்டி, குச்சி முழுக்கக் காய்ந்து வரும் நாளில் 2.4 கிலோ என்றால், இடையில் 800 கிராம், அதாவது 800 மில்லி தண்ணீர். மணி பிளான்ட்டாக இருந்தால் 2.7 கிலோவுக்கு வந்ததும் ஊற்றலாம். ஸ்நேக் பிளான்ட்டாக இருந்தால் 2.4 வரை இறங்கவிட்டு ஊற்றுங்கள். வடிந்தபின் உள்ள எடை, மறுபடி ஊற்றவேண்டிய எடை, இந்த இரண்டு எண்களையும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதித் தொட்டியில் ஒட்டிவிட்டால் வீட்டில் வேறு யாரும்கூட ஊற்றலாம்.

தட்டுதல். மண் தொட்டிக்கு மட்டும். வெளிச்சுவரை விரல் முட்டியால் தட்டினால், காய்ந்திருந்தால் கணீரென்றும் ஈரமாக இருந்தால் மந்தமாகவும் கேட்கும். விரிசல் விட்ட தொட்டியில் இது ஏமாற்றும்.

ஆன்லைனில் விற்கும், மண்ணில் குத்தும் ஈரப்பத மீட்டரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வடசென்னைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மலிவான மீட்டர்கள் நேரடியாக ஈரத்தை அளப்பதில்லை, மண் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதைத்தான் காட்டுகின்றன. உப்பு இருந்தால் கடத்தல் கூடும். போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர் ஊற்றி உப்பேறிய தொட்டியில் மண் காய்ந்துகொண்டிருக்கும்போதும் முள் ‘ஈரம்’ பக்கமே நிற்கும்.

படி 4: எந்தச் செடி எவ்வளவு காயவேண்டும்

ஸ்நேக் பிளான்ட், இசட் இசட் பிளான்ட், சோற்றுக் கற்றாழை, ஜேட். இவை தொட்டி முழுக்கக் காய்ந்தபின் இன்னும் சில நாள் காத்திருக்கத் தெரிந்தவை. ஸ்நேக் பிளான்ட்டும் கற்றாழையும் பகலில் இலைத்துளைகளை மூடி இரவில் திறக்கும் ரகம், அதனால் தண்ணீர்ச் செலவு குறைவு. இசட் இசட் மண்ணுக்கடியில் கிழங்கு வைத்துச் சேமிக்கும். வெளிச்சம் குறைந்த கூடத்தில் இவற்றுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறைகூடப் போதுமானதாக இருக்கும். இசட் இசட் தண்டில் சுருக்கம் விழுந்தாலோ, ஸ்நேக் பிளான்ட் இலை நீளவாக்கில் மடிந்து மெலிந்தாலோ தாகம் என்று அர்த்தம். அதுவரை விட்டாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், தண்ணீர் மிஞ்சினால்தான் பிழைக்காது.

மணி பிளான்ட், சிங்கோனியம், அக்லோனிமா, ரப்பர் செடி, ஸ்பைடர் பிளான்ட் ஆகியவற்றுக்கு மேல் இரண்டு அங்குலம் காய்ந்ததும் ஊற்றலாம். மணி பிளான்ட் பசிபிக் கடலில் உள்ள மூரியா தீவைச் சேர்ந்த காட்டுக் கொடி. மரத்தில் ஏறி வளர்கிற செடி என்பதால் மழையும் பிடிக்கும், வேரைச் சுற்றிக் காற்றும் பிடிக்கும். இலை லேசாகத் தளர்ந்து பளபளப்புக் குறையும் நாள்தான் அதற்கு ஊற்ற வேண்டிய நாள். காலையில் இலை நுனியில் துளி சொட்டி நின்றால் மண்ணில் ஈரமும் காற்றில் ஈரப்பதமும் நிறைய இருக்கிறது என்று பொருள். அன்று ஊற்ற வேண்டாம்.

பீஸ் லில்லி, பெரணி, அரேகா பாம் மூன்றும் முழுக்கக் காய்வதைப் பொறுக்காது. மேல் அரை அங்குலம், அதிகம் போனால் ஓர் அங்குலம் காய்ந்ததும் ஊற்றவேண்டும். பீஸ் லில்லி நாடகக்காரச் செடி. மதியம் பொத்தென்று சாய்ந்து கிடக்கும், ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். அதை அடிக்கடி சாயவிட்டால் இலை ஓரம் கருகும். ஆனால் இந்த ஒரு செடிதான் தண்ணீர் ஊற்றப் பழகுகிறவர்களுக்கு நல்ல வாத்தியார், வாங்கி வையுங்கள்.

துளசியும் கற்பூரவல்லியும் வீட்டுக்குள் வைக்கும் செடிகளே கிடையாது. துளசிக்கு வெயில் வேண்டும். மாடமோ மாடியோ வாசல்படியோ பாருங்கள். தினமும் பூஜைக்கு ஒரு சொம்பு ஊற்றுவது வெயிலில் நிற்கும் துளசிக்கு ஒத்துவரும், ஃபிளாட் கதவுக்குள் நிழலில் நிற்கும் துளசியை அழுகவைக்கும். பூஜை விடக்கூடாது என்றால் உத்தரணி அளவு போதும்.

படி 5: ஊற்றும் விதம்

ஊற்றுவதென்று முடிவானால் அரைகுறையாக ஊற்றாதீர்கள். தினம் ஒரு டம்ளர் தெளிப்பது மேல் மண்ணை மட்டும் நனைக்கும். அடி வேர் காயும், மேலே பாசி பிடிக்கும். மெதுவாக, தொட்டியைச் சுற்றி ஊற்றி, ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி ஊற்றி, அடி ஓட்டையில் வடியும் வரை கொடுங்கள். பிறகு அது காயும் வரை கிட்டவே போகவேண்டாம்.

நீண்ட நாள் காய்ந்த தொட்டியில் மண் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கும். ஊற்றிய உடனே கீழே தட்டில் தண்ணீர் நிற்கும், ‘நன்றாக நனைந்துவிட்டது’ என்று நினைப்போம். உள்ளே ஒன்றும் நனைந்திருக்காது. அப்படியானால் தொட்டியைப் பாதி உயரம் வரை தண்ணீர் நிற்கும் பக்கெட்டில் அரை மணி நேரம் வையுங்கள். மேல் மண் கறுத்து ஈரமானதும் எடுத்து வடியவிடுங்கள்.

காலை வேளை நல்லது. நம் கடலோரக் காற்றில் இரவு ஈரப்பதம் அதிகம்; இலை நனைந்தபடி இரவு முழுக்க இருந்தால் பூஞ்சைப் புள்ளி விழும். காலையில்தான் குழாயில் தண்ணீர் வரும், அப்போது செடியைப் பார்க்க நேரமில்லை என்றால் மாலையில் ஊற்றுங்கள், இலையை நனைக்காமல் மண்ணுக்கு மட்டும்.

அரை மணி நேரம் கழித்துத் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வேருக்கு ஆகாது என்பது ஒரு காரணம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரிச் சின்னத் தண்ணீரில்தான் முட்டையிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தட்டில் ஒட்டிய முட்டை தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், ஆகவே வாரம் ஒரு தரம் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். பாட்டிலில் வளர்க்கும் மணி பிளான்ட், லக்கி பாம்பூ தண்ணீரையும் வாரம் ஒரு முறை மாற்றவேண்டும். மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்குள் வந்து இவற்றைத்தான் குனிந்து பார்க்கிறார்கள்.

படி 6: எந்தத் தண்ணீர்

இதைப் பல வழிகாட்டிகள் ஒரு வரியில் தாண்டிவிடும். நமக்கு முடியாது, ஏனென்றால் இங்கே தண்ணீரின் தரம் ‘எப்போது’ என்ற கேள்வியையே மாற்றுகிறது.

மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறியது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வாயில் வைத்தால் கரிக்கும். பாசன நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 450 முதல் 2000 வரை கவனம் வேண்டும், அதற்கு மேல் கடுமையான பாதிப்பு என்பது ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் அளவுகோல். அது வயலுக்குச் சொன்னது. தொட்டியில் உப்பு வேறெங்கும் போக வழியில்லை, அதனால் இன்னும் சீக்கிரம் சேரும். வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் செய்ய வருகிறவரிடம் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், உங்கள் போர் தண்ணீரையும் ஒரு முறை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

உப்பேறிய மண்ணில் தண்ணீர் இருந்தாலும் வேரால் அதை இழுப்பது கடினம். மண் காயக்காய மிச்சமிருக்கும் ஈரத்தில் உப்பின் அடர்த்தி கூடும். அதனால் உப்புத் தண்ணீர்தான் கதி என்று இருப்பவர்கள், மேலே சொன்ன அளவுக்குக் காயவிடாமல் கொஞ்சம் முன்னதாகவே ஊற்றவேண்டும், ஒவ்வொரு முறையும் நன்றாக வடியும்படி ஊற்றவேண்டும். ஸ்பைடர் பிளான்ட், அரேகா பாம் இலை நுனி பழுப்பாகக் கருகுவதைத் தாகம் என்று நினைத்து அதே போர் தண்ணீரை இன்னும் ஊற்றினால் உப்புதான் கூடும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் தெரிகிறதா என்று பாருங்கள், அது உப்பு.

மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் தொட்டியைக் கழுவி விடுங்கள். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு பங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுக்க வடியவிட்டால் சேர்ந்த உப்பு கணிசமாக வெளியேறும். அன்றைக்கு லாரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ இருப்பது நல்லது. புழல் ஏரி போன்ற நீர்த்தேக்கங்களிலிருந்து நம் பக்கத்துக்குக் குடிநீர் வருகிறது. அது போர் தண்ணீரைவிடச் செடிக்கு எவ்வளவோ மேல். குளோரின் வாசனைக்குப் பயப்படவேண்டாம். ஓர் இரவு திறந்து வைத்தால் பெரும்பகுதி போய்விடும். உப்பு மட்டும் எத்தனை நாள் வைத்தாலும் போகாது.

ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீர் வேண்டாம். வீட்டுக்கு வந்த உப்பு முழுக்க அதில்தான் சேர்ந்திருக்கிறது. தரை துடைக்க, கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பு கிட்டத்தட்ட இல்லை, தாராளமாக ஊற்றலாம். கொளத்தூரில் வண்ண மீன் வாங்கி வளர்ப்பவர்கள் தொட்டி மாற்றும் நன்னீரை வீணாக்காதீர்கள், அதில் தழைச்சத்து உண்டு. மருந்தோ உப்போ போட்ட தண்ணீராக மட்டும் இருக்கக்கூடாது. அரிசி களைந்த தண்ணீர் மாடிச் செடிக்குச் சரி. வீட்டுக்குள் ஊற்றினால் புளித்த வாடையும் மண்ணில் சின்னக் கறுப்பு ஈக்களும் வரும்.

படி 7: மாதத்தைப் பாருங்கள்

பங்குனி, சித்திரையில் வெயில் ஏறும். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரியில் கடற்காற்று எத்தனை மணிக்கு வருகிறது என்பதுதான் விஷயம். காசிமேட்டில் சீக்கிரம் குளிர்ந்துவிடும். மாதவரம், கொளத்தூர்ப் பக்கம் அது போய்ச் சேரத் தாமதமாகும், அங்கே பால்கனித் தொட்டிகள் வேகமாகக் காயும். மேல்தளத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் இரவிலும் சூடு இறங்காது; அந்த வீடுகளில் தினம் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஆடிக் காற்றும் பால்கனித் தொட்டியைச் சத்தமில்லாமல் உலர்த்தும்.

வீட்டுச் செடிகள் அதிகம் சாவது, என் கணிப்பில், ஐப்பசி, கார்த்திகையில்தான். நம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. நாள் முழுக்க மேகம், வெளிச்சம் இல்லை, ஈரப்பதம் உச்சத்தில், ஜன்னல் சாத்தியிருக்கும். செடி குடிப்பது பாதியாகக் குறையும். நம் கை மட்டும் கோடைக் கணக்கிலேயே ஊற்றும். மழைக்காலத்தில் குச்சி வைத்துப் பார்க்காமல் ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள். இதே மாதங்களில் ஒரு நன்மையும் உண்டு: புயல் எச்சரிக்கை இல்லாத நாளில் தொட்டிகளை ஒரு மழையில் வெளியே வைத்து எடுத்தால், கோடை முழுக்கச் சேர்ந்த உப்பு காசு செலவில்லாமல் கழுவப்பட்டுவிடும். மார்கழி, தையில் பனி, இதமான வெயில். ஊற்றும் இடைவெளி நீளமாகவே இருக்கட்டும்.

கெட்டுப்போனால்

ஒரே நேரத்தில் கீழ் இலைகள் பல மஞ்சளாகி, தண்டின் அடி மெத்தென்று கறுத்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. செடியை மண்ணோடு உருவிப் பாருங்கள். வெள்ளையாக விறைப்பாக இருக்கும் வேர் நல்லது. பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வருவதைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, புதுக் கலவையில், முன்பைவிடச் சின்னத் தொட்டியில் வையுங்கள். வேர் குறைந்துவிட்டதால் இலைகளிலும் சிலவற்றைக் குறையுங்கள். நல்ல வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல் வைத்து, மிதமாக மட்டும் ஊற்றுங்கள். புது இலை வரும்வரை உரம் எதுவும் வேண்டாம். மணி பிளான்ட் என்றால் இவ்வளவு பாடு தேவையில்லை: நல்ல கொடியில் கணுவோடு ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள், புதுச் செடி கிடைத்துவிடும்.

ஊருக்குப் போகிறீர்கள், பொங்கலுக்கு ஒரு வாரம் வீடு பூட்டியிருக்கும் என்றால், கிளம்பும் நாள் எல்லாத் தொட்டிக்கும் வடியும்படி ஊற்றி, ஜன்னலிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். ஸ்நேக் பிளான்ட் வகையறாவுக்கு அதுவும் வேண்டாம். பீஸ் லில்லி, பெரணிக்கு மட்டும் பருத்தி நாடா ஒன்றை நனைத்து, ஒரு முனையைத் தொட்டி மண்ணில் மூன்று அங்குலம் புதைத்து, மறுமுனையைச் சற்று உயரத்தில் வைத்த பக்கெட் தண்ணீரில் விடுங்கள். கொசு இறங்காதபடி பக்கெட்டைத் துணியால் கட்டிவிடுங்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதானால், எந்தத் தொட்டிக்கு ஊற்றக்கூடாது என்பதை முதலில் சொல்லுங்கள்.